ஓசார்க் காட்டில் ஐந்து நாட்கள்: ஃபே ஜோன்ஸ் கட்டிய வீடுகளைத் தேடி

முதல் நாள்: பென்டன்வில்

இன்று பார்த்த முதல் வீடு நான் தேடி வந்தவர் கட்டியது அல்ல, அவருடைய குருநாதர் கட்டியது. அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1954-இல் நியூ ஜெர்சியில் ஓர் ஆற்றங்கரையில் நிற்பதற்காக வரைந்த பாக்மன்-வில்சன் வீடு அது. ஆறு பெருக்கெடுக்கும்போதெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து பாழாகிக்கொண்டிருந்தது. கடைசியில் பென்டன்வில்லில் உள்ள கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் அதை வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி, ஆயிரம் மைலுக்கு மேல் லாரியில் கொண்டுவந்து, 2015-இல் இங்கே மீண்டும் பூட்டி நிறுத்திவிட்டது. சிவப்புத் தரை, கூரைக்குக் கீழே வரிசையாக வெட்டு வேலை செய்த பலகைகள், அவற்றின் வழியே விழும் வெளிச்சம். வாசலில் கூரை தாழ்ந்து தலையில் இடிப்பதுபோல் வருகிறது. நான்கு எட்டு வைத்ததும் கூடம் சட்டென்று உயர்ந்து, எதிரே காடு நிற்கிறது.

அண்ணன் மகள் இங்கே வேலை பார்க்கிறாள். வால்மார்ட்டின் தலைமையகம் இந்த ஊர் என்பதால் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காய்கறிக் கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் தமிழ் கேட்டது. "சித்தப்பா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு நயாகரா பார்க்காமல் போகிறீர்களே" என்று அவளுக்கு வருத்தம். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவன். அலுவலகத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பத்திரிகைப் படம் இருந்தது. காட்டுக்கு நடுவே ஒல்லி ஒல்லியான மரச் சட்டங்களால் எழுப்பிய ஒரு தேவாலயம், சுவர் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல், கண்ணாடியாக. மேசை மாறியபோதெல்லாம் படமும் கூடவே மாறியது. தார்ன்கிரவுன் என்ற அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர் ஈ. ஃபே ஜோன்ஸ். ஓசார்க் மலைக்காடு பரவியிருக்கும் இந்த ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்து, அந்த மாநிலத்திலேயே வாழ்ந்து, அங்கேயே 2004-இல் இறந்தவர். அவர் கட்டியவற்றை அவருடைய மண்ணில் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். நயாகரா இருக்கட்டும்.

வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனுக்கும் இந்த ஊரில் வீடு கட்டிக்கொடுத்தவர் ஜோன்ஸ்தான். அது குடும்பத்தாரின் சொந்த இடம். அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாம் நாள்: ஃபேயட்வில்

காலையில் மழைத் தூறல். ஆர்க்கன்சா பல்கலைக்கழகம் குன்றின் மேல் இருக்கிறது. இங்கே ஒரு வழக்கம் உண்டு: பட்டம் பெற்ற ஒவ்வொருவரின் பெயரையும் நடைபாதையில் பொறித்துவிடுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து, இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன பெயர்கள். வகுப்புக்குப் போகும் மாணவர்கள் அவற்றின் மேல்தான் நடந்து போகிறார்கள். 1950 என்ற ஆண்டைத் தேடிக் குனிந்துகொண்டே நடந்தேன். அண்ணன் மகள் குடை பிடித்தபடி பின்னால் வந்தாள். நாற்பதுகளின் பெயர்களில் பாசி ஏறி, சில எழுத்துகளை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. மழை வலுத்தது, 1950-ஐ எட்டும் முன் ஒதுங்க வேண்டியதாகிவிட்டது.

ஏன் 1950? ஜோன்ஸ் 1921-இல் பைன் பிளஃப் என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது எல் டொராடோ என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில். பையனாக இருந்தபோதே மரத்தின் மேல் குடிசை கட்டி விளையாடியவர். 1938-இல் உள்ளூர் சினிமாக் கொட்டகையில், ரைட் எழுப்பிய ஜான்சன் வாக்ஸ் கட்டடத்தைப் பற்றிய குறும்படம் ஒன்றைப் பார்த்தார். அன்றைக்கே, செய்தால் இந்த வேலைதான் என்று மனத்தில் விழுந்துவிட்டது. ஆனால் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைப் படிப்பே கிடையாது. பொறியியலில் சேர்ந்தார். போர் வந்தது, கடற்படையில் விமானியானார். போர் முடிந்து திரும்பியபோது, 1946-இல், இங்கே கட்டடக் கலைப் படிப்பைப் புதிதாகத் தொடங்கினார்கள். முதல் அணியிலேயே சேர்ந்து 1950-இல் பட்டம் வாங்கினார். அந்தப் பெயரைத்தான் தேடினேன்.

மாணவராக இருந்தபோது நடந்த ஒன்றை நான் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன். 1949-இல் ஹூஸ்டன் நகரில், ஷாம்ராக் என்ற புது ஹோட்டலில், அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கம் ரைட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அவரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஜோன்ஸ் அங்கே போனார். விருந்துக் கூட்டத்திலிருந்து நழுவி வெளியே வந்த ரைட், நடையில் நின்ற இந்த இளைஞரை அழைத்துக்கொண்டு, ஹோட்டலைச் சுற்றிக் காட்டி, அதன் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே நடந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1953 கோடையில், ரைட்டின் டாலியெசின் பட்டறையில் சீடராகத் தங்கும் வாய்ப்பும் வந்தது. 1990-இல் அதே சங்கத்தின் அதே தங்கப் பதக்கம் ஜோன்ஸின் கைக்கு வந்தது.

இந்த இரண்டு பதக்கங்களுக்கும் நடுவில் அவர் இருந்த இடம் இந்தக் குன்று. 1953-இல் இங்கே ஆசிரியராகச் சேர்ந்து 1988 வரை பாடம் சொல்லிக்கொடுத்தார். மாலையிலும் விடுமுறையிலும் வீடுகள் வரைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாலும் இந்த வட்டாரத்து மக்களுக்கு. இதே ஃபேயட்வில்லில் பிறந்த இன்னொரு கட்டடக் கலைஞர் எட்வர்ட் டியூரல் ஸ்டோன். அவர் நியூயார்க் போனார். டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தைக் கட்டினார், வாஷிங்டனில் கென்னடி கலை மையத்தைக் கட்டினார். போனதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கட்டடத்தை வரைந்துவிட்டு, அது மழையில் எப்படிக் கறுக்கிறது, கதவு எந்த மாதத்தில் இறுகுகிறது என்று முப்பது ஆண்டுகள் அதே தெருவில் நடந்து பார்ப்பது வேறு கல்வி. அந்தக் கல்வி ஜோன்ஸுக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். 2009-இல் இந்தக் கட்டடக் கலைப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

மழை விட்ட பிறகு அவருடைய சொந்த வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தோம். 1956-இல் கட்டியது. அண்டை வீடுகளோடு சேர்ந்து, அலட்டல் இல்லாமல், தாழ்ந்த கூரையோடு மரங்களுக்குள் ஒதுங்கியிருக்கிறது. சரிவில் நிற்பதால் கீழ்த்தளம் குகை போல மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே கிடந்த பாறையை உடைக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டார். மேல்தளம் கிளைகளுக்கு நடுவே கண்ணாடியாகத் திறக்கிறது. எல் டொராடோவில் மரத்தின் மேல் குடிசை கட்டிய பையன் பெரியவனாகிக் கட்டிய வீடு வேறு எப்படி இருக்கும்! சுற்றுச்சுவர் இல்லாத தெரு. நாங்கள் நின்ற பத்து நிமிடத்தில் ஒரு அணில் கூரை விளிம்பின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்தது. விளிம்பு எத்தனை நீளம், எத்தனை மெலிது என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள்: ஹன்ட்ஸ்வில் வழியாக

யுரேகா ஸ்பிரிங்ஸுக்கு நேர்வழி இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டதால் கிழக்கே சுற்றி, ஹன்ட்ஸ்வில் வழியாகப் போனோம். அங்கே 1967-இல் ஜோன்ஸ் ஒரு பெரிய வீடு கட்டினார். கட்டச் சொன்னவர் ஆர்வல் ஃபாபஸ், அதுவரை ஆறு முறை ஆளுநராகத் தேர்வானவர். 1957-இல் லிட்டில் ராக் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்க மாநிலப் படையை வாசலில் நிறுத்தியவர் அதே ஃபாபஸ்தான். குடியரசுத் தலைவர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பித்தான் அந்தப் பிள்ளைகளை உள்ளே கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. ஆளுநர் சம்பளத்தில் இத்தனை பெரிய வீடா என்ற கேள்வியும் அந்தக் காலத்திலேயே எழுந்தது.

ஊர்ச் சதுக்கத்தில் வண்டியை நிறுத்திக் காப்பி குடித்தோம். அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். "பிறகு எதற்கு அவருக்குக் கட்டிக்கொடுத்தார்?" என்று கேட்டாள். கட்டடக்காரன் வருகிறவர்களுக்கெல்லாம் கட்டுகிறவன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வரவில்லை. என் தொழில் வாழ்க்கையிலும் யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் எத்தனையோ வரைபடங்களுக்கு மை ஊற்றியிருக்கிறேன். அந்த ஒன்பது பிள்ளைகளில் ஒருத்தி, எலிசபெத் எக்ஃபோர்ட், பதினைந்து வயதில் ஒரு கும்பலின் கூச்சலுக்கு நடுவே புத்தகத்தை அணைத்தபடி தனியாக நடந்தாள். அந்தப் புகைப்படத்தை உலகமே பார்த்தது. பத்தே ஆண்டுகள் கழித்து இந்த வீடு. ஜோன்ஸின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதைக் கடந்து போய்விடவில்லை. இதையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. வீடு இருக்கும் குன்றுக்குப் போகாமல் வடக்கே திரும்பினோம்.

மாலையில் யுரேகா ஸ்பிரிங்ஸ். ஊற்று நீருக்காக ஜனங்கள் வந்து குடியேறிய பழைய ஊர். நேரான தெரு ஒன்றுகூட இல்லை.

நான்காம் நாள்: தார்ன்கிரவுன்

விடிவதற்கு முன்பே விழித்துவிட்டேன்.

நெடுஞ்சாலையிலிருந்து சின்னத் திருப்பம். வண்டியை நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே ஒரு பாதையில் நடக்க வேண்டும். ஓக் இலைகள் பழுத்து உதிர்ந்து காலடியில் சலசலத்தன. கட்டடம் எங்கே என்று தேடிக்கொண்டே நடந்தால், நேர் எதிரில்தான் நின்றுகொண்டிருக்கிறது. மரத்தூண்களுக்குச் சாம்பல் நிறச் சாயத்தைக் கையால் தேய்த்து ஏற்றியிருக்கிறார்கள். சுற்றியுள்ள மரங்களின் பட்டையும் அதே நிறம். கிட்டே போகும் வரை எது தூண், எது மரம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

இந்த இடத்தை 1971-இல் வாங்கியவர் ஜிம் ரீட் என்ற பள்ளி ஆசிரியர். ஓய்வுபெற்ற பிறகு வீடு கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தார். ஆனால் சாலையில் போகிறவர்கள் மலைக் காட்சியைப் பார்க்க அவருடைய நிலத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்தார்கள். வேலி போட்டிருக்கலாம். அவர் வேலி போடாமல், வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு கண்ணாடித் தேவாலயம் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். பாதி கட்டிய நிலையில் பணம் தீர்ந்துபோனது. முடியாத கட்டடத்துக்குள் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டார் என்றும், பிறகு கடன் கிடைத்தது என்றும் இங்கே சொல்கிறார்கள். 1980 ஜூலையில் திறந்தார்கள்.

ஜோன்ஸுக்கு இந்த இடத்தில் ஒரே கவலை, காடு. பெரிய இயந்திரம் உள்ளே வர வேண்டுமென்றால் மரங்களை வெட்டிப் பாதை போட வேண்டும். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டார்: இரண்டு ஆட்கள் காட்டுக்குள் சுமந்து வர முடியாத எதுவும் இந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாது. கட்டடத்தின் மெலிவு முழுவதும் இந்த விதியிலிருந்து வந்தது. பெரிய விட்டம் கிடையாது, பருத்த தூண் கிடையாது. மரக்கடையில் யாரும் வாங்கக்கூடிய பைன் சட்டங்கள், இரண்டுக்கு நாலு, இரண்டுக்கு ஆறு, இரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலம். அவற்றைத் தரையில் வைத்துக் கோத்து, பிறகு தூக்கி நிறுத்தினார்கள். அகலம் 24 அடி, நீளம் 60 அடி, உயரம் 48 அடி. 425 சன்னல்கள், 6,000 சதுர அடிக்கு மேல் கண்ணாடி. அடியில் நூறு டன்னுக்கு மேல் இந்த ஊர்க் கல். இந்த எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆனால் உள்ளே நுழைந்ததும் எண் எல்லாம் போய்விட்டது. நம் ஊரில் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, கீற்று இன்னும் வேயாமல், மூங்கிலும் கயிறுமாக நிற்கும் பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்த்திருக்கிறீர்களா? அந்த உணர்வுதான் வந்தது. 48 அடி உயரத்துக்குச் சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக, கடைசி வரை போகின்றன. முகட்டின் நெடுகிலும் வெளிச்சம் இறங்க இடம் விட்டிருக்கிறார்கள்.

வலப்பக்கம் நாலாவது வரிசையில் உட்கார்ந்து ஒரே ஒரு பொருத்தை மட்டும் அரை மணி நேரம் பார்த்தேன். என் படத்தில் அது ஒரு கடுகளவுதான் தெரியும். சாய்வுச் சட்டங்கள் எதிரெதிரே வந்து சந்திக்கும் இடம் அது. எந்தத் தச்சரும் அங்கே ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஆணி அறைவார், அல்லது ஒரு கட்டையை வைத்து அடைப்பார். ஜோன்ஸ் அந்த நடுவை வெற்றிடமாக விட்டுவிட்டார். நான்கு சட்டங்களின் முனையையும் வைர வடிவில் ஒரு எஃகுச் சட்டகம் பிடித்துக்கொள்கிறது. அதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, ஆகாயம்தான். மூங்கில் கூடை முடையும்போது பின்னலுக்கு நடுவே ஒரு கண் விடுவார்களே, அதுபோல. பாரம் எல்லாம் வந்து கூடும் இடம் எதுவோ அதுவே ஓட்டையாக இருக்கிறது, அதன் வழியே வெளிச்சம் வருகிறது. கட்டடத்தில் வேறெங்கும் எஃகு கண்ணில் படவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் வரைந்த பொருத்துகள் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட நடுவைக் காலியாக விடலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

பாரிஸில் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய செயின்ட் ஷபெல் தேவாலயம் ஜோன்ஸின் மனத்தில் இருந்தது. அங்கேயும் சுவர் அனைத்தும் கண்ணாடி. ஆனால் கல் கட்டடத்தில் கூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அந்தக் காலத்துத் தேவாலயங்களில் அதைத் தாங்க வெளியே கல்லால் முட்டுக் கொடுத்தார்கள். இங்கே அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். வெளியே முட்டு இல்லை. உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டங்கள் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கிக் கட்டிப் பிடிக்கின்றன. கல் தள்ளிய இடத்தில் மரம் இழுக்கிறது. வெளிப்பக்கம் எந்தத் தடுப்பும் இல்லாததால் காடு கண்ணாடி வரைக்கும் வந்து நிற்கிறது.

பதினொரு மணிக்கு மேல் மேகம் விலகியது. சட்டங்களின் நிழல் கல் தரையில் விழுந்து, மெதுவாக நகர்ந்து, என் முழங்கால் மேல் ஏறியது. எனக்கு முன்னால் வயதான தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார்; கணவர் கைக்குட்டையை மடித்து நீட்டினார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் காலணியைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டோமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

கட்டி முடித்த அடுத்த ஆண்டே தேசிய விருது. வழக்கமாக ஐம்பது ஆண்டு பழமையான கட்டடங்களைத்தான் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ப்பார்கள். இதை இருபதே ஆண்டில், 2000-இல் சேர்த்துவிட்டார்கள். 2013-இல் உயர் மின்னழுத்தக் கம்பித் தடம் ஒன்றை இந்தக் காட்டை ஒட்டிக் கொண்டுபோகத் திட்டம் வந்தது. ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள், அடுத்த ஆண்டு அது கைவிடப்பட்டது. இந்தக் கட்டடத்துக்குக் காடுதான் சுவர். காட்டை வெட்டினால் சுவரை இடித்ததுபோல்தான். அதற்காகப் போராடிய ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

மாலையில் இன்னொரு முறை போனோம். இருட்டத் தொடங்கியதும் தூண் விளக்குகளை ஏற்றினார்கள். அவை கண்ணாடியில் பிரதிபலித்து, வெளியே மரங்களுக்கு இடையே வரிசை வரிசையாகத் தொங்கின. கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். நயாகராவைப் பற்றி அவள் பிறகு பேசவில்லை.

ஐந்தாம் நாள்: பெல்லா விஸ்டா

தார்ன்கிரவுன் புகழ் பெற்ற பிறகு, அதைப் போலவே எங்களுக்கும் ஒன்று என்று பலர் ஜோன்ஸிடம் வந்தார்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அவர் கட்டிய தேவாலயங்கள் இருக்கின்றன. இங்கே பெல்லா விஸ்டாவில் உள்ள மில்ட்ரெட் கூப்பர் நினைவுத் தேவாலயம் 1988-இல் கட்டியது, கூட்டாளி மாரிஸ் ஜென்னிங்ஸுடன் சேர்ந்து. இதிலும் காடு, இதிலும் கண்ணாடி. ஆனால் இங்கே 31 டன் எஃகு. நேர்க்கோடுகளுக்குப் பதிலாக எஃகு வளைந்து, கூர்முனை வளைவுகளாக ஒன்றன் பின் ஒன்றாகப் போகிறது. வாசல் முகப்பில் ஒரு பெரிய வட்டம்.

நாங்கள் போனபோது உள்ளே ஒரு திருமணம் நடந்துகொண்டிருந்தது. வெளியே இலைகளின் மேல் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மணமக்கள் வெளியே வந்து, கடைசிக் காரும் கிளம்பிய பிறகு, ஒரு பெண் துடைப்பத்தோடு உள்ளே போனார். "வாருங்கள், உட்காருங்கள்" என்று எங்களுக்கும் சைகை காட்டினார்.

அழகான கட்டடம். மறுக்க மாட்டேன். வளைவுகள் மேலே போய்ச் சந்திக்கும் இடத்தில் கண் தானாகப் போய் நிற்கிறது. ஆனால் என் மனம் நேற்றைய நான்காவது வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது. எஃகை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இரண்டு பேர் தோளில் சுமக்கக்கூடிய கட்டைகளை மட்டும் கொடுத்து 48 அடி உயரத்துக்குப் போ என்று சொன்னபோது பிறந்த அந்தப் பின்னல் இங்கே இல்லை. இதை அண்ணன் மகளிடம் சொன்னேன். அவளுக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறதாம். வழி நெடுக இருவரும் வாதாடிக்கொண்டே வந்தோம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய மேசையில் ஒரு தாளை விரித்து, அந்தப் பொருத்தை வரைந்தேன். நான்கு சட்டங்கள், நடுவே வைரம். கையில் இன்னும் அளவு இருக்கிறது. "சித்தப்பா, நடுவில் என்ன எழுதப் போகிறீர்கள்?" என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றும் எழுதவில்லை என்றேன். தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நாளை காலை ஒன்பது மணிக்கு விமானம். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஃபேயட்வில் நடைபாதையில் 1950-ஐத் தேடிப் பார்த்துவிடலாம். டார்ச் விளக்கை எடுத்து வைத்துவிட்டேன் என்கிறாள்.